காருக்கு ஏற்ற ரிம், டயர் அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிச் சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டயர் கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் வரும் முதல் கேள்வி, "என்ன சைஸ் சார்?" என்பதுதான். நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பதில் சொல்வதில்லை; ஏற்கெனவே மாட்டியிருக்கும் டயரைக் கையால் காட்டிவிடுகிறோம். அந்த டயரே தவறான அளவாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் கைக்காசு போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், பி.ஒய். 01 பதிவெண் கொண்ட ஒரு காரைக் கைமாற்றாக வாங்கினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து ஓர் உரசல் சத்தம் கேட்கும். சஸ்பென்ஷன் புஷ் போய்விட்டது என்றார் ஒரு மெக்கானிக். மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. கடைசியில், திருப்பாதிரிப்புலியூரில் பங்க்ச்சர் ஒட்டப் போன இடத்தில், கடைக்காரர் ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே தூணில் இருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "வண்டிக்கு 185 சார், மாட்டியிருக்கிறது 195" என்றார். முந்தைய உரிமையாளர் 'கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்' என்று போட்டுக்கொண்ட டயர், சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைத் தின்றுகொண்டிருந்தது.

டயர் மாற்றுபவர்கள், அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலவை ரிம் போட நினைப்பவர்கள், பழைய கார் வாங்கியவர்கள் ஆகிய மூவருக்குமே வேலை அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கூட்டல், பெருக்கல் கணக்கும், ஓர் அளவுகோலும், கொஞ்சம் பொறுமையும்தான்.

முதல் படி: ஸ்டிக்கரைப் படியுங்கள்

பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் நடுத்தூணின் கீழ்ப்பகுதியிலோ, கதவின் விளிம்பிலோ, சிலவற்றில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ அந்த ஸ்டிக்கர் இருக்கும். தயாரிப்பு நிறுவனம் அந்த மாடலுக்கு அனுமதித்திருக்கும் டயர் அளவுகளும், முன் பின் சக்கரங்களுக்கான காற்றழுத்தமும், ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, முழுப் பாரம் ஏற்றும்போது எவ்வளவு என்பதும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். வெயிலிலும் கடற்காற்றிலும் எழுத்து அழிந்திருந்தால், வண்டியோடு வந்த கையேட்டில் அதே விவரம் கிடைக்கும்.

ஒரே மாடலுக்கு இரண்டு அளவுகள் தரப்பட்டிருந்தால் அது உங்களுக்கு நல்ல செய்தி. மாருதி ஸ்விஃப்ட்டின் கீழ் வகைகளில் 165/80 ஆர்14 டயரும் மேல் வகைகளில் 185/65 ஆர்15 டயரும் வந்திருக்கின்றன. பலேனோவில் 185/65 ஆர்15, 195/55 ஆர்16 என்ற இரண்டும் உண்டு. கீழ் வகை வண்டி வைத்திருப்பவர், அதே தலைமுறை மேல் வகையின் அளவுக்கு மாறும்போது, அந்த அளவில் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது என்ற உறுதி அவருக்கு இருக்கிறது. கடையில் சொல்லும் எந்த உறுதியும் இதற்கு ஈடாகாது. தலைமுறை மாறினால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அடிச்சட்டம் வேறாக இருக்கலாம்.

இரண்டாம் படி: டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

185/65 ஆர்15 88எச் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 185 என்பது, உரிய ரிம்மில் மாட்டிக் காற்றடித்த நிலையில் டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பதைப் பலரும் உயரம் என்று நினைக்கிறார்கள், அது சதவீதம். அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. சொச்சம், ரிம்மின் விளிம்பிலிருந்து தரை வரையிலான பக்கச்சுவரின் உயரம். இதனால்தான் 195/65 டயர் 185/65 டயரைவிட அகலத்தில் மட்டுமல்லாமல் உயரத்திலும் கூடிவிடுகிறது; என் காரில் நடந்ததும் இதுவே. ஆர் என்பது ரேடியல், அதாவது டயருக்குள் இருக்கும் நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடும் அமைப்பு. பிரெஞ்சு நிறுவனமான மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புதான் இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருக்கிறது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் கலந்து நிற்பதால்தான் இந்த எண் முதல் பார்வையில் மிரட்டுகிறது.

கடைசியில் இருக்கும் 88எச் என்பதைக் கடைகளில் யாரும் பேசுவதில்லை, ஆனால் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். 88 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் அதிகபட்சம் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ, 85 என்றால் 515, 87 என்றால் 545, 91 என்றால் 615. எச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கி.மீ. வரை. டி என்றால் 190, வி என்றால் 240. அந்த வேகத்தில் நாம் போகப்போவதில்லை என்றாலும், வேகக் குறியீடு குறைந்தால் வெப்பம் தாங்கும் திறனும் குறைகிறது என்பதால், சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கில் ஓட்டுபவர் அதைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டிக்கரில் உள்ள சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் குறைந்த டயரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பக்கச்சுவர் குறைந்த சில டயர்களில் எக்ஸ்.எல். என்று அச்சிட்டிருப்பார்கள், கூடுதல் சுமை தாங்கும் வகை என்பது அதன் பொருள். ஆனால் சாதாரண டயர் தன் முழுச் சுமையை 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவிலேயே தாங்கிவிடும் என்றால், எக்ஸ்.எல். டயர் அதே சுமையைத் தாங்க 42 பி.எஸ்.ஐ. வரை காற்று கேட்கும். ஆகவே 88 என்று போட்ட எக்ஸ்.எல். டயரை, பழைய 88 டயருக்கு அடித்த அதே காற்றில் ஓட்டினால், அது உண்மையில் குறைவாகத்தான் தாங்குகிறது.

மூன்றாம் படி: மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள்

அளவை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், மாறக் கூடாத ஓர் எண் இருக்கிறது: சக்கரத்தின் மொத்த வெளிவிட்டம். ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், கியர் விகிதம், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஆகிய எல்லாமே அந்த உயரத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. கணக்கு எளிது. ரிம்மின் அங்குலத்தை 25.4ஆல் பெருக்குங்கள், டயரின் அகலத்தை உயரச் சதவீதத்தால் பெருக்கி, மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் இருப்பதால் அதை இரட்டித்து, முன்னதோடு கூட்டுங்கள்.

185/65 ஆர்15க்கு: 15 பெருக்கல் 25.4 என்பது 381. பக்கச்சுவர் 120.25, இரண்டுக்கும் 240.5. ஆக 621.5 மி.மீ. இதே முறையில் 165/80 ஆர்14ஐக் கணக்கிட்டால் 619.6 வரும், 195/55 ஆர்16க்கு 620.9 வரும். மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரம். ரிம் ஓர் அங்குலம் பெரிதாகும்போது பக்கச்சுவர் அதற்கு ஏற்ப ஒடுங்கிக்கொடுக்கிறது. நிறுவனங்கள் அளவைக் கூட்டும் முறை இதுதான். நீங்களும் இதையே பின்பற்ற வேண்டும்.

இனி என் காரில் இருந்த 195/65 ஆர்15ஐப் பாருங்கள்: 634.5 மி.மீ., அதாவது 2.1 சதவீதம் கூடுதல். ஓட்டும்போது மீட்டர் தன் பழைய கணக்கிலேயே எண்ணுவதால், உண்மை வேகம் அது காட்டுவதைவிட 2.1 சதவீதம் கூடிவிடும். புதிய வண்டியில் மீட்டர் பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டும்படி வைத்திருப்பார்கள். குறைத்துக் காட்டக் கூடாது என்பதுதான் வாகன விதிகளின் அடிப்படை. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. கடைகளில் 3 சதவீதம் வரை பரவாயில்லை என்பார்கள். என் கணிப்பில் அது வெளி எல்லை, 1.5 சதவீதத்துக்குள் நின்றுகொள்வது நல்லது, குறிப்பாகப் பெரிதாக்கும் திசையில்.

நான்காம் படி: டயருக்கும் ரிம் அகலத்துக்கும் பொருத்தம் பாருங்கள்

ரிம்முக்கு விட்டம் மட்டுமல்ல, அகலமும் உண்டு. 5.5ஜே, 6ஜே, 6.5ஜே என்று ரிம்மில் பொறித்திருப்பது அங்குலத்தில் அந்த அகலம். ஜே என்பது விளிம்பின் வடிவம். 185/65 ஆர்15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை பொருந்தும், உகந்தது 5.5. 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7 வரை, உகந்தது 6. அகலம் போதாத ரிம்மில் பெரிய டயரை மாட்டினால் பக்கச்சுவர் பலூன் போலப் பிதுங்கி, வளைவில் வண்டி அலையும்; அகலம் மிஞ்சிய ரிம்மில் சிறிய டயரை இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் சாய்ந்து, ரிம்மின் உதடு டயரைவிட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது நிலையில் நடைபாதைக் கல் முதலில் ரிம்மைத்தான் கடிக்கும். புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர் காலத்துக் குறுகிய தெருக்களில், ஓரமாக ஒட்டி நிறுத்தியே தீர வேண்டிய இடங்களில், பளபளக்கும் அலாயின் விளிம்பு முழுதும் கீறலாகிப் போன வண்டிகளை எண்ணிக்கொண்டே நடக்கலாம்.

ஐந்தாம் படி: ரிம் உங்கள் வண்டியில் சரியாக உட்காருமா?

அலாய் மாற்றுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம். டிசைனைப் பார்த்து மயங்குவதற்கு முன் நான்கு அளவுகளைக் கேட்க வேண்டும்: பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட், நட்டின் இருக்கை.

பி.சி.டி. என்பது நட்டுத் துளைகளின் நடுப்புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் செல்லும் கற்பனை வட்டத்தின் விட்டம். நான்கு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிர்த்துளை என்று ஒன்று இல்லை. ஒன்றைத் தாண்டி அடுத்த துளை வரை நடுவுக்கு நடு அளந்து, அதை 0.951ஆல் வகுக்க வேண்டும். 108.7 வந்தால் பி.சி.டி. 114.3 என்று பொருள். சிறு கார்கள் பலவற்றில் 4 துளை, 100 மி.மீ. என்பதே வழக்கம் என்றாலும், ஃபியட் புன்டோவில் 98, ஃபோர்டு ஃபிகோவில் 108 என்று வேறுபாடுகள் உண்டு. இதில் 98க்கும் 100க்கும் உள்ள இரண்டு மில்லிமீட்டர்தான் ஆபத்தானது. நட்டு ஏறிவிடும், இறுகியது போலவும் இருக்கும், ஆனால் ஒவ்வொரு நட்டும் கோணலாக உட்கார்ந்திருக்கும், ஓட ஓடத் தளரும். '98க்கும் இதையே போடலாம்' என்று சொல்லும் கடையில் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுத்துளை என்பது ஹப்பின், அதாவது சக்கரம் மாட்டப்படும் அச்சுமுனையின், மேடு நுழையும் பெரிய துளை. வண்டியோடு வந்த ரிம்மில் இது ஹப்பை இம்மியும் இடைவெளி இல்லாமல் கவ்வியிருக்கும். சக்கரம் நடுவில் நிற்பது அந்தக் கவ்வலால்தான். வெளியில் விற்கும் அலாய்கள் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் துளையைப் பெரிதாகவே வைப்பார்கள். உங்கள் ஹப் 54.1 மி.மீ., ரிம்மின் துளை 73.1 மி.மீ. என்றால், இடையில் உள்ள வெளியை நிரப்ப ஒரு ஹப் ரிங் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் எத்தனை முறை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்படுத்துவது) செய்தாலும் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே அதைக் கூம்பு வைத்து நடுவில் நிறுத்துகிறார்கள். கோளாறு வண்டியில் மாட்டும்போதுதான் வருகிறது.

ஆஃப்செட் என்பது, ரிம்மின் அகலத்துக்கு நேர் நடுவிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. ரிம்மின் பின்புறத்தில் ஈ.டி. 45 என்பது போலப் பொறித்திருப்பார்கள். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். ஓர் உதாரணம்: பழைய ரிம் 5.5ஜே, ஈ.டி. 45, புதியது 6.5ஜே, ஈ.டி. 38. ஆஃப்செட்டில் 7 மி.மீ.தானே வேறுபாடு என்று தோன்றும். ஆனால் ரிம் ஓர் அங்குலம் அகலமாகியிருப்பதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. கூடியிருக்கிறது. வெளிப்பக்கம் அதோடு 7ஐக் கூட்டினால் 19.7 மி.மீ. வெளியே வந்துவிட்டது, உள்பக்கம் 7ஐக் கழித்தால் 5.7 மி.மீ. உள்ளேயும் போயிருக்கிறது. அதாவது வெளியே மட்கார்டிலும், உள்ளே ஷாக் அப்சார்பரிலும் ஒரே நேரத்தில் இடிக்கலாம். இடிக்காவிட்டாலும், சக்கரம் வெளியே போனால் வீல் பேரிங் மீது நெம்புகோல் சுமை கூடும். குழிகளில் ஸ்டீயரிங் கையை இழுக்கும்.

இதைச் சோதிக்க நான் கையாளும் முறையைச் சொல்கிறேன். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் சுண்டுவிரல் பருமனுக்கு உருட்டி, ஷாக் அப்சார்பரிலும் மட்கார்டின் உள்விளிம்பிலும் ஒட்டிவிடுங்கள். புதிய ரிம்மையும் டயரையும் ஒரு பக்கம் மட்டும் மாட்டச் சொல்லி, பின்னிருக்கையில் மூன்று பேரை ஏற்றி, கடை இருக்கும் தெருவிலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, ஒரு வேகத்தடையின் மேல் மெதுவாக ஏறி இறங்குங்கள். களிமண் நசுங்கியிருந்தால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு இல்லை. கடைக்காரர் முதலில் சிரிப்பார். நசுங்கிய களிமண்ணைக் காட்டினால் வாதாட மாட்டார். காலி வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டி 'எங்கேயும் படவில்லை' என்று சொல்வது சோதனை ஆகாது, ஏனென்றால் அப்போது சஸ்பென்ஷன் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நட்டின் இருக்கை கூம்பு வடிவமா, உருண்டை வடிவமா என்பதையும், மரையின் அளவையும் பாருங்கள். பழைய நட்டு புதிய ரிம்மில் உட்காராவிட்டால் புதிய நட்டுகள் தருவார்கள். பழைய நட்டுகளைத் தூக்கி எறியாமல் டிக்கியில் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்தால், நடுவழியில் அதை மாட்ட அந்த நட்டுகள்தான் வேண்டும்.

ஆறாம் படி: நம் சாலையையும் மழையையும் கடலையும் கணக்கில் எடுங்கள்

கணக்கு எல்லாம் பொருந்திவிட்டது என்பதாலேயே அந்த அளவு நமக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. 205/45 ஆர்17 என்ற டயரின் மொத்த உயரம் 616.3 மி.மீ.; 185/65 ஆர்15உடன் ஒப்பிட்டால் ஒரு சதவீதம்கூட வேறுபாடு இல்லை. ஆனால் பக்கச்சுவர் 120இலிருந்து 92 மி.மீ. ஆகிவிட்டது. குழியில் இறங்கும்போது அடியை முதலில் வாங்கி நெளிந்துகொடுப்பது அந்தச் சுவர்தான். அது குறைந்தால் அடி ரிம்முக்குப் போகிறது. என் மைத்துனர் மகன் தன் காருக்கு இப்படிப் பதினேழு அங்குல அலாய் மாட்டி, தீபாவளிக்கு வந்தபோது, "எப்படி இருக்குது மாமா?" என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. அந்த மழைக்காலத்திலேயே, அரியாங்குப்பம் தாண்டித் தண்ணீர் நிரம்பிய ஒரு குழியில் இறங்கி, முன் இடது ரிம்மில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டு, டயரின் பக்கச்சுவரும் முட்டை போலப் புடைத்துவிட்டது. இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி எடுக்கலாம். அலாய் விரிசல் விட்டால் பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் பற்றவைத்த அலாயில் நான் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். புடைத்த டயரும் அப்படியே. உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது என்று பொருள்.

வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கரைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' புயல். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. டயர் அகலமாக இருந்தால் பிடிப்பு கூடும் என்பது காய்ந்த சாலையில் பெரும்பாலும் உண்மை. தேங்கிய நீரில் நிலைமை தலைகீழ்: அகலமான டயர் அதிக நீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். காற்றழுத்தத்துக்கும் இதில் பங்குண்டு. விமானச் சக்கரங்களை வைத்து 1960களில் நாசா ஆய்வாளர்கள் வகுத்த ஒரு தோராயச் சூத்திரத்தின்படி, பி.எஸ்.ஐ. எண்ணின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 33 பி.எஸ்.ஐ.க்கு ஏறக்குறைய 96. காற்று 25ஆக இறங்கிவிட்டால் 83. கார் டயரின் வடிவமும், தரையில் படும் பரப்பில் வெட்டியிருக்கும் பட்டன்களின் ஆழமும் வேறு என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தேய்ந்த டயர் இதற்கும் குறைந்த வேகத்திலேயே மிதக்கலாம். காற்று குறைந்தால் ஆபத்து எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

மூன்றாவது, உப்பு. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ வீடு இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று தெரியும். ரிம்முக்கும் அதுதான் கதி. அலாயின் மேல்பூச்சு கல் பட்டு ஓரிடத்தில் உரிந்தால், அங்கிருந்து பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் போல அரிப்பு பரவும். டயர் உட்காரும் விளிம்பில் அந்த அரிப்பு ஏறினால், பங்க்ச்சர் எதுவும் இல்லாமலே வாரம் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைந்துகொண்டிருக்கும். அலுமினியமும் இரும்பு ஹப்பும் உப்பீரத்தில் ஒட்டிக்கொண்டால், பங்க்ச்சர் ஆன இரவில் நட்டுகளைக் கழற்றிய பிறகும் சக்கரம் வராது. காலால் உதைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மாட்டும் ஒவ்வொரு முறையும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மரையில் மட்டும் கிரீஸ் தடவ விடாதீர்கள். நட்டு தேவைக்கு மேல் இறுகி, போல்ட் இழுபட்டுவிடும்.

இவற்றையெல்லாம் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். இந்தப் பகுதியில் தினமும் ஓடும் சிறு காருக்கு, ஸ்டிக்கர் அளவிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் ரிம்மைப் பெரிதாக்க வேண்டாம். அதுவும் அதே மாடலின் மேல் வகையில் நிறுவனமே தந்திருக்கும் அளவாக இருந்தால் மட்டும். 165/80 ஆர்14 வண்டியை 185/65 ஆர்15க்கு மாற்றுவது நல்ல மாற்றம்: பக்கச்சுவர் 12 மி.மீ. மட்டுமே குறைகிறது, வளைவில் நிற்பு கூடுகிறது, டயரும் எங்கும் கிடைக்கிறது. கடைசிக் காரணத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். புதுச்சேரி ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையே இருந்தாலும், அபூர்வமான அளவில் டயர் வெடித்த ஞாயிற்றுக்கிழமை அது உங்களுக்கு உதவாது.

ஏழாம் படி: சட்டமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் சக்கரம் சோதனையில் கண்ணில் படும் முதல் பொருள். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளரும் டயர் அளவைக் குறித்துக்கொள்வார். நிறுவனம் அனுமதித்த அளவுக்குள் நிற்பதற்கு இது இன்னொரு காரணம். மத்திய மோட்டார் வாகன விதி 94இன்படி காரின் டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பட்டன்களுக்கு இடையே உள்ள சிறு மேடு தேய்மானத்தோடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. நம் மழைக்கு நான் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன்.

எட்டாம் படி: வாங்கும் நாளில்

டயரின் பக்கவாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. கட்டம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அது பெரும்பாலும் மாட்டிய பிறகு உட்புறம் போய்விடும்; ஆகவே மாட்டுவதற்கு முன் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை நான் முழு விலைக்கு வாங்குவதில்லை. அலாயில் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரை இருந்தால் நல்லது. எந்த முத்திரையும், சுமை எண்ணும், ஆஃப்செட் எண்ணும் பொறிக்காத ரிம்மைத் தொட வேண்டாம்.

நான்கையும் ஒன்றாக மாற்றப் பணம் இடம் கொடுக்கவில்லை என்றால், புதிய இரண்டையும் பின் சக்கரங்களில் மாட்டச் சொல்லுங்கள். முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, புதியது அங்கேதான் போக வேண்டும் என்று கடையில் சாதிப்பார்கள். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஒரே அச்சில் இரண்டு அளவுகளோ இரண்டு வகை டயர்களோ கூடவே கூடாது. நான்கு சக்கர இழுவை வண்டியில் நான்கும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

டியூப்லெஸ் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில்லறைக் காசில் முடியும் வேலை அது. பேலன்சிங் முடிந்ததும் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்து, முன் பின் அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியின் மொத்த உயரமும் புதிய டயரோடு ஒத்துப்போகிறதா என்று அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில கார்களில் நிறுவனமே ஸ்டெப்னியை ஓர் அங்குலம் சிறிய ரிம்மில் தருகிறது. உயரம் ஒன்றாக இருப்பதால் வீடு சேர உதவும், ஆனால் அதில் வேகமாக ஓட்டக் கூடாது.

காற்று விஷயத்தில், 'எல்லா வண்டிக்கும் 35' என்று அடிப்பவரிடம் ஸ்டிக்கரைக் காட்டுங்கள். புதிய அளவு ஸ்டிக்கரில் இருந்தால் அதற்கு நேராக உள்ள அழுத்தத்தையே பின்பற்றுங்கள். பாரம் ஏற்றும் நாளில் முழுப்பாரத்துக்கு உரிய எண். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதுதான் அளவு. வெயிலில் ஓடி வந்த டயரில் எண் கூடியே காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக் கூடாது. நைட்ரஜன் அடித்தாலும் மாதம் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். சாதாரணக் காற்றிலேயே ஏறக்குறைய 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

நட்டுகளை நியூமேட்டிக் துப்பாக்கியால் இறுக்கி முடித்துவிட விடாதீர்கள். அது தொடக்கத்துக்கு மட்டும். முடிவில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். புதிய அலாய் ஓடிய பிறகு கொஞ்சம் அமரும் என்பதால், 50 முதல் 100 கி.மீ.க்குள் இன்னொரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்த ஐம்பது ஆகிவிடும். முள்ளோடையில் மலிவாகப் பெட்ரோல் போட எப்படியும் போகத்தானே போகிறீர்கள். வீடு திரும்பியதும் வண்டி ஆறட்டும், பிறகு ரெஞ்சை எடுங்கள்.